முப்பதுக்கு மேல் ஒரு முதற்பாடம்

சென்ற திங்கள் இப்பகுதியில், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்ப்போர்க்கு வரும் இடுப்புவலியைப் பற்றி எழுதி, நாள்தோறும் சிறிது தொலைவு நடந்து வருதல் நலம் என்றும் சொல்லியிருந்தோம். அதைக் கண்டு திக்லிப்பூரிலிருந்து அன்பர் ஒருவர் மடல் விடுத்துள்ளார். "வைகாசி தொடங்கி மார்கழி வரை மழை பெய்யும் ஊரில் எங்கே ஐயா நடப்பது? தாங்கள் நடக்கிறீர்களா?" என்பது அவர் வினா. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார். மழை விட்ட நாட்களில் நடக்கிறோம். மற்றை நாட்களில் யாம் செய்வது வேறொன்று. சொன்னால் அன்பர்கள் நகைப்பரோ என்று இதுகாறும் எழுதாதிருந்தோம். இப்போது வினா வந்துவிட்டமையால் விடையும் சொல்லியாக வேண்டும்.

கடந்த எட்டுத் திங்களாக யாம் கிக்பாக்சிங் கற்று வருகிறோம்.

கையால் குத்துவதும் காலால் உதைப்பதும் சேர்ந்த விளையாட்டு அது. இச்செய்தியை வீட்டில் முதன்முதல் வெளியிட்டபோது, எம் இல்லாள் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்து எம்மை மேலும் கீழும் ஒருமுறை நோக்கி, "இந்த வயதில் யாரை உதைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். யாரையும் உதைப்பதற்கு அன்று. இவ்வுடம்பு எம்மை உதைக்காமல் இருப்பதற்கே என்று சொன்னோம். அவ்விடை அவளுக்கு நிறைவளித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் மறுநாள் விடியற்காலையில் ஒரு துண்டும் தண்ணீர்க் குப்பியும் வாயிற்படியில் ஆயத்தமாக இருந்தன.

எம் தொழிலை அன்பர்கள் அறிவீர்கள். தண்டவாளம் இல்லாத தீவில் அமர்ந்து, கடலுக்கு அப்பால் ஓடும் வண்டிகளுக்குப் பயணச்சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் இரயில்வே எழுத்தர் யாம். எமக்கும் வண்டிக்கும் இடையே ஒரு வங்காள விரிகுடா கிடக்கிறது. ஆகவே ஓடிச்சென்று வண்டியைப் பிடிக்கும் சிறு பயிற்சிகூட எமக்கு வாய்ப்பதில்லை. காலையில் அமர்ந்தால் மாலையில் எழுவது. இடையே தேநீருக்கு நாற்பது அடி நடப்பது. பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. எம் தந்தையாரும் எழுத்தர், துறைமுகத்தில் பணி. தாய்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குடும்பம் அமைத்தவர். அவர் தமது 49ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். எமக்கு இப்போது 37. கணக்கு எழுதிப் பழகிய கைக்கு 49-இலிருந்து 37-ஐக் கழிப்பது கடினமான கணக்கு அன்று. சென்ற ஆண்டு மருத்துவர் ஒருவர் எம் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்து 98 சென்டிமீட்டர் என்று குறித்துக் கொண்டபோது, அக்கழித்தல் எமக்கு நினைவுக்கு வந்தது.

இந்த இடுப்பளவு ஏன் என்று சிலர் கேட்கலாம். தெற்காசிய மக்களாகிய நமக்கு, எடை மிகுதியாகத் தோன்றாவிடினும் வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேரும் இயல்பு உண்டு என்பது மருத்துவர்களின் துணிபு. கைகால்கள் மெலிந்தும் வயிறு மட்டும் முன்னே நடந்தும் வரும் நம்மவர் எத்தனை பேர்! ஆகவே நம்போன்றோர்க்கு ஆடவர் எனின் 90 சென்டிமீட்டர், பெண்டிர் எனின் 80 சென்டிமீட்டர் என்று எல்லை வகுத்துள்ளனர். அதற்கு மேற்பட்டால் நீரிழிவும் இதயநோயும் வாயிலில் காத்து நிற்கின்றன என்று பொருள். 2019–21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபார் ஆடவருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறோம். முன்வரிசை என்றால் எப்போதும் பெருமை என்று கொள்வதற்கில்லை. நோய் முற்றினாலோ, பெரிய மருத்துவத்திற்குச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கடல் கடக்க வேண்டி வருகிறது. அவ்வாறு விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்முள் குறைவு.

நிற்க. நடையும் நீச்சலும் இருக்க இந்தச் சண்டைக்கலை ஏன் என்பது அடுத்த வினா. எமக்கு ஒன்றைத் தனியே செய்தால் மூன்றாம் நாள் சலிப்பு வந்துவிடும். பத்துப் பேரோடு நின்று, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, கற்க வேண்டிய பாடம் ஒன்று முன்னால் இருந்தால்தான் மறுநாளும் கால் அப்பக்கம் செல்கிறது. இது எம் குணம். தனியே நடக்க வல்ல பொறுமைசாலிகள் நடக்கட்டும்.

இக்கலையின் வரலாறும் இவ்விடத்தில் சிறிது சொல்லத்தக்கது. நம் தீவுகளுக்குக் கிழக்கே, சென்னைக் கரையைவிட அண்மையில் இருப்பது தாய்லாந்துக் கரை. அந்நாட்டின் பழைய சண்டைக்கலை முவாய்தாய். கை, முழங்கை, முழங்கால், கணைக்கால் ஆகிய நான்கையும் இருபுறமும் கொண்டு பொருவதால் அதனை எட்டு உறுப்புகளின் கலை என்பர். ஜப்பானியர் தம் கராத்தேயை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினர். 1960களின் முற்பகுதியில் பாங்காக் நகரின் லும்பினி அரங்கில் ஜப்பானிய வீரர் மூவர் தாய்லாந்து வீரர் மூவரோடு பொருதனர். இருவர் வென்றனர்; ஒருவர் தோற்றார். தோற்றவர் பெயர் கென்ஜி குரோசாகி. மற்ற இருவருக்கும் ஆசிரியர் நிலையில் இருந்தவர் அவர். முப்பது வயதைக் கடந்தவரும்கூட. மாணவர் வெல்லத் தாம் தோற்ற ஆசிரியர் என்ன செய்திருக்கலாம்? அவர் தம்மைத் தோற்கடித்த கலையையே ஊன்றிப் பயின்று, தம் முறையோடு சேர்த்து, பின்னாளில் தோக்கியோவில் மெஜிரோ என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஐரோப்பாவில், சிறப்பாக ஆலந்து நாட்டில், இக்கலை வேரூன்றியது அக்கூடத்தின் வழியாகத்தான். வென்ற இருவரைவிடத் தோற்ற இவரையே எமக்குப் பிடித்திருக்கிறது.

கிக்பாக்சிங் என்ற பெயரைச் சூட்டியவர் ஒசாமு நோகுச்சி என்னும் குத்துச்சண்டைப் போட்டி அமைப்பாளர். 1966-இல் ஒசாகா நகரில் அப்பெயரால் முதற்போட்டி நடந்தது. பிறகு அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் பரவி, 1976-இல் உலகக் கிக்பாக்சிங் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. 2021 ஜூலையில் தோக்கியோவில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, கிக்பாக்சிங்கின் அமைப்பையும் முவாய்தாயின் அமைப்பையும் ஒரே நாளில் முழுமையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறுதல் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவோர் சிலரைக் கண்டிருக்கிறோம்.

அயல்நாட்டுச் சரக்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியோர்க்கு ஒரு சொல். நம் சிலம்பக் கலையின் ஒரு பகுதியாக ஆயுதமின்றிக் கையாலும் காலாலும் பொரும் குத்துவரிசை என்பது தொன்றுதொட்டு இருந்து வருகிறது. சிலம்ப ஆசான் கோலைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடியைச் சொல்லிக் கொடுப்பார். அடி பெயர்த்து முன்னும் பின்னும் பக்கமும் சென்று திரும்புவதை 'வீடு கட்டுதல்' என்று நம் கிராமத்தார் சொல்வர். கிக்பாக்சிங்கிலும் முதற்பாடம் காலடிதான். எம் பாட்டனார் இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றில் சிலம்பம் ஆடியவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருடைய கோல் கப்பலேறவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, அது இந்தத் தீவுக்கும் முறையாக வந்து சேராதா என்ற ஏக்கம் எழுந்தது. குத்துச்சண்டைக்கோ வடசென்னையில் பரம்பரைகளே இருந்தன. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைப் பெயர்களை 2021-இல் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின் சிறுவரும் அறிவர். உலகப் புகழ்பெற்ற முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டதை, அங்கிருந்து இங்கு வந்து குடியேறிய முதியோர் இன்றும் நினைவு கூர்வதுண்டு. ஆகவே குத்தும் நமக்குப் புதிதன்று, உதையும் புதிதன்று. சேர்த்துக் கற்பதுதான் எமக்குப் புதிது.

இனி, கற்ற முறையைச் சொல்வோம். கடிதம் எழுதிய அன்பர் வேண்டுவது இதுவாகவே இருக்கும்.

எம் வகுப்பு ஒரு வீட்டின் மாடியில், தகரக் கூரையின்கீழ் நடக்கிறது. கற்பிப்பவர் 26 வயது இளைஞர். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கிறோம். கடைத்தெருவில் கண்டால் அவர் எமக்குத் தம்பி; விரிப்பின்மேல் காலை வைத்துவிட்டால் யாம் அவருக்கு மாணவர். எம்மோடு கற்போருள் வங்காளியர் உளர், தெலுங்கர் உளர், ராஞ்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் உளர். ஆகவே எண்ணிக்கை 'ஏக், தோ' என்று இந்தியில்தான். வகுப்பில் மூத்தவருள் யாமும் ஒருவர். எமக்கு அடுத்து நிற்பவனுக்கு வயது பதினாறு. அலுவலகத்தில் எம்மிடம் ஐயம் கேட்க ஐந்து பேர் வருகிறார்கள். இங்கே இடக்கால் எது, வலக்கால் எது என்று அந்தப் பதினாறு வயதுப் பையன் எமக்குக் காட்டிக் கொடுத்தான். முதல் வாரத்தில் உடல் வலித்ததைவிட இதுதான் சற்று வலித்தது. இரண்டாம் வாரத்தில் அவ்வலி போய்விட்டது, பையன் நல்லவன்.

முதல் வாரம் முழுவதும் எம் கை எதையும் குத்தவில்லை; கால் எதையும் உதைக்கவில்லை. நிற்கக் கற்றோம். இடக்கால் முன்னே, வலக்கால் தோளகலத்துக்குப் பின்னே சற்றுச் சாய்வாக, பின்குதிகால் தரையினின்று சிறிது எழுந்து, முழங்கால்கள் இறுகாமல், மோவாய் தாழ்ந்து, இரு கைகளும் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவை ஒட்டி. எழுதும்போது எளிதாக இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் நாற்காலியின் வடிவத்துக்கு வளைந்த முதுகை வைத்துக்கொண்டு இவ்வாறு இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். அடுத்து நகர்தல். முன்னே செல்லும்போது முன்கால் முதலில், பின்னே செல்லும்போது பின்கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று கடக்கலாகாது. கடந்தால் மெல்லத் தள்ளினாலும் விழுவோம்.

பிறகு கைக்கட்டு. நாலரை மீட்டர் நீளமுள்ள துணிநாடாவைக் கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரல்முட்டிகளின்மேல் பலமுறை போர்த்து, விரலிடுக்குகளின் வழியே கொண்டுவந்து மீண்டும் மணிக்கட்டில் முடிக்க வேண்டும். கையிலுள்ள சிற்றெலும்புகள் இறுகச் சேர்ந்திருக்கவும் மணிக்கட்டு மடங்காதிருக்கவும் இது. மிக இறுக்கினால் விரல்நுனி மரத்துப்போகும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்து மூடுவது குழந்தைகளின் பழக்கம். அவ்வாறு குத்தினால் கட்டைவிரல் முறியக்கூடும். அது வெளியே, மடங்கிய விரல்களின்மேல் கிடக்க வேண்டும். இலக்கில் படவேண்டியவை சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகள். முன்கையும் முட்டியும் ஒரே கோட்டில் அமைய வேண்டும்.

குத்தும்போது மூச்சை வெளியே விடவேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் செய்வது மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவதுதான். அரை நிமிடத்தில் தலை சுற்றும், இரத்த அழுத்தமும் ஏறும். அழுத்தநோய் உள்ளவர்கள் இதனைக் குறிப்பாக நினைவில் வைத்தல் வேண்டும். வகுப்பில் 'ஸ், ஸ்' என்று கேட்கும் ஓசை வீம்புக்கு எழுப்புவதன்று. மூச்சு வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம்.

உதை மூன்றாம் வாரத்தில் வந்தது. நேர் உதைக்கு முதலில் முழங்காலை உயர்த்தி, பிறகு பாதத்தை நீட்ட வேண்டும். கடினமானது சுழல் உதை. புதியவர் எவரும் காலை வீசுவதிலேயே கருத்தாக இருப்பர். உதையின் ஆற்றலோ காலில் இல்லை, இடுப்பில் இருக்கிறது; அந்த இடுப்பு திரும்ப வேண்டுமானால் தரையில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கை நோக்கித் திரும்பிக் கொடுக்க வேண்டும். ஊன்றிய கால் திரும்பாமல் உடல் மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது முழங்கால் மூட்டு. முப்பதுக்கு மேற்பட்டோர் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வெளியேறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். மாஸ்டர் எம்மிடம் ஒரு மாதம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கொண்டிருந்தார்: "அண்ணே, காலைத் தூக்காதீங்க, குதிகாலைத் திருப்புங்க." இடுப்பு உயரத்துக்குமேல் எம் கால் இன்றும் எழுவதில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. அந்த உயரத்தில் தொங்கும் குத்துப்பைக்கு எம் உதை போதும். கணைக்கால் எலும்பு உரமேறப் புட்டியை உருட்டித் தேய்க்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அன்பர்கள் அப்புட்டியில் தண்ணீர் நிரப்பிக் குடிப்பீர்களாக.

இப்பயிற்சி உடலுக்கு எவ்வளவு வேலை தருகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சும்மா அமர்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று எனக் கொண்டு, மற்றச் செயல்களை அதன் மடங்குகளாகக் குறிப்பர். அதற்கு 'மெட்' என்று பெயர். 2011-இல் திருத்தி வெளியிடப்பட்ட அட்டவணைப்படி, மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் அளவில் விரைந்து நடத்தல் 4.3, கிக்பாக்சிங் உள்ளிட்ட சண்டைக்கலைகளைப் புதியவர் மெல்லப் பயிலுதல் 5.3; பழகியவர் விறுவிறுப்பாகச் செய்தல் 10.3. இதில் புதியவருக்கு ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. மெல்லச் செய்தாலே நடையைவிடச் சிறிது மிகுதி. ஆனால் முதல் நாளிலேயே பழகியவனோடு போட்டியிட்டால் உடல் இரண்டு மடங்கு வேலைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. பதினான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்த இதயத்துக்கு அது கொடுமை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி, வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்கிறது. வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்றால் முதற்கணக்கு நிறைவேறிவிடுகிறது. பயிலும்போது ஒரு சிறு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்; சொல்ல முடியாவிடின் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

எடை குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர் புதியவராக ஒரு மணி நேரம் பயின்றால் ஏறத்தாழ 400 கலோரி செலவாகும். வீடு திரும்பும் வழியில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் உண்டால் செலவான கணக்கு வரவாகி, மேலும் கொஞ்சம் மிஞ்சும். எட்டுத் திங்களில் எமக்குக் குறைந்தது மூன்று கிலோதான். ஆனால் இடுப்பு 98-இலிருந்து 93-க்கு வந்துள்ளது. எல்லைக்கு இன்னும் மூன்று பாக்கி. இரவில் சோற்றைக் குறைத்து மீனையும் காயையும் கூட்டியது இதில் பாதிப் பங்கு என்பது எம் மதிப்பீடு. இல்லாளின் மதிப்பீட்டில் முக்காற் பங்கு.

இத்தீவுகளுக்கே உரிய தொல்லைகள் சில உள்ளன. கடிகாரம் தாய்நாட்டின் நடுப்பகுதிக்கு ஒத்து ஓடுகிறது; ஞாயிறோ நமக்கு முன்னரே எழுந்து முன்னரே படுத்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்கிறது. அலுவலகம் விட்டு வந்து பயிலலாம் என்றால் இருட்டும் களைப்பும் கூடிக்கொள்ளும். ஆகவே விடியற்காலை ஐந்து மணியே நமக்கு ஏற்றது. அப்போது வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். அடுத்தது காற்றின் ஈரம். சென்னை வெயிலில் வியர்வை உலர்ந்து உடல் குளிர்கிறது. இங்கே வியர்வை உலர்வதில்லை, வழிந்து சொட்டுகிறது. வியர்வை உலராவிடில் உடற்சூடு தணியாது. ஆதலால் இரண்டு நிமிடம் பயின்றால் ஒரு நிமிடம் ஓய்வு என்ற முறையை மழைக்காலப் புழுக்கத்தில் தளர்த்தி, ஓய்வைக் கூட்டிக்கொள்வது நலம். நீர் அருந்துவதற்குத் தாகம் வரும்வரை காத்திருக்கலாகாது. இளநீர் மலிந்த ஊரில் வண்ணப் புட்டிப் பானங்களுக்குப் பணம் கொடுப்பானேன் என்பது எம் கட்சி.

கையுறையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 10 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 280 கிராம் எடையுள்ள கையுறை போட்டிகளில் வழங்குவது. பையைக் குத்திப் பழகுவதற்குச் சற்றுக் கனமானதும் வாங்குவர். பயின்று முடித்ததும் அதனைப் பைக்குள் போட்டுக் கட்டிலின்கீழ் தள்ளினால், இந்த ஊர் ஈரத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக் காற்றில் வாயைத் திறந்து வைக்க வேண்டும். கடும் வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். கைக்கட்டுத் துணியை ஒவ்வொரு முறையும் துவைப்பது கட்டாயம். பிறர் கையுறையை இரவல் வாங்கிப் படர்தாமரையையும் சேர்த்து வாங்கி வந்தவர் ஒருவரை அறிவோம். தாய்நாட்டிலிருந்து பொருளை வரவழைப்போர், அது வந்து சேரும்வரை கைக்கட்டோடு மட்டும் காலடியைப் பயின்று கொண்டிருக்கலாம்; அது வீண் ஆகாது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இவ்விளையாட்டின் போட்டிகளில் பலவகை உண்டு. மெல்லத் தொட்டுப் புள்ளி பெறுவது, விரிப்பின்மேல் இலேசாக மோதுவது, வளையத்துள் முழு வலிமையோடு பொருவது எனப் பல. இவை அனைத்தும் இளையோர்க்கும் முறையாகப் பயின்றோர்க்கும் உரியவை. உடல்நலம் நாடி வரும் எம்போன்றோர்க்குத் தலையில் அடிவாங்க வேண்டிய தேவை அணுவளவும் இல்லை. தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். தலைக்கவசம் முகத்தில் வெட்டுக்காயம் படாமல் காக்கும். மண்டைக்குள் மூளை அதிர்வதை அது தடுத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. 2013-இல் உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஆடவர் போட்டிகளில் தலைக்கவசத்தையே விலக்கிய வேளையில் இந்த வாதம்தான் பெரிதும் பேசப்பட்டது. ஊரில் ஒரு பயிற்சிக்கூடத்தில், சேர்ந்த மூன்றாம் நாளே 'துணிவைச் சோதிக்கிறோம்' என்று சொல்லி, கடைக் கணக்கெழுதும் இளைஞர் ஒருவரைப் பழகியவனோடு மோதவிட்டார்கள். ஒரு வாரம் அவர் தலைவலியோடு வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் படுத்திருந்தார். அது துணிவைச் சோதிப்பது அன்று. ஆசிரியர் தம் அறியாமையைக் காட்டிக்கொள்வது. அன்பர்கள் ஒரு வகுப்பில் சேருமுன், மோதல் எப்போது தொடங்கும், மாட்டேன் என்று சொல்ல இடமுண்டா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். நெற்றி சுருங்கினால் வேறிடம் பாருங்கள். எம் மாஸ்டரிடம் முதல் நாளே கேட்டோம். "நீங்க பையை அடிங்கண்ணே, பை திருப்பி அடிக்காது" என்றார்.

எம் வகுப்பில் பெண்டிர் நால்வர் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் மகளை விடுவதற்காக வந்து, மூன்று வாரம் சுவரோரம் அமர்ந்து பார்த்துக் கொண்டிருந்து, நான்காம் வாரம் தாமும் எழுந்து நின்ற தாயார்; வயது நாற்பத்திரண்டு. சேலையை மாற்றிச் சுரிதார் அணிவதற்கு மாமியாரிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்ததாம். இன்று அவருடைய நேர்க்குத்து எம்முடையதைவிடச் செம்மையானது என்று மாஸ்டர் பலரறியச் சொல்லிவிட்டார். தீவில் வளரும் நம் பெண்பிள்ளைகள் மாலை இருட்டில் தனிப்பயிற்சி வகுப்பிலிருந்து திரும்புகிறார்கள்; தற்காப்புக்காக அவர்களை அனுப்புவோரும் உளர். அதில் தவறில்லை. ஆனால் ஆறுமாதம் பையைக் குத்தியவள் எவரையும் வீழ்த்திவிடுவாள் என்ற எண்ணத்தை அவள் மனத்தில் விதைத்தல் ஆகாது. தூரம் காத்து நிற்பதும், உரக்கக் குரல் எழுப்புவதும், விரைந்து விலகுவதும் அக்கலையிலேயே அடங்கும் என்று நல்ல ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார்.

தொடங்க விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்களும், எம்மைப்போல் தந்தையை இளமையில் இழந்தவர்களும், இதயத்தின் மின்பதிவு வேண்டுமா என்று தாமே வாய்விட்டுக் கேளுங்கள். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சதை வலிப்பது இயல்பு. படிக்கட்டில் இறங்கும்போது அழுகை வரும், பிறகு தானே போய்விடும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம் ஆகியவை கண்டால் நிறுத்த வேண்டும். மார்பில் இறுக்கமோ, இடத்தோளுக்குப் பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் அக்கணமே அமர்ந்து, பிறரிடம் சொல்லி, மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

திக்லிப்பூர் அன்பர் ஊரில் இத்தகைய வகுப்பு உண்டா என்பதை விசாரித்து அவருக்குத் தனியே எழுதுவோம். வகுப்பு இல்லையேல், வீட்டுத் திண்ணையில் காலடியும் ஸ்கிப்பிங் கயிறும் கொண்டு தொடங்கலாம். முதலில் அரை நிமிடம் தாண்டி அரை நிமிடம் நிற்க வேண்டும், சிமெண்டுத் தரையாயின் காலணி அணிந்துகொள்ள வேண்டும். அபர்தீன் பக்கத்து அன்பர்கள் சிலர் எம் வகுப்பை வந்து பார்க்க விரும்புவதாகச் சொன்னார்கள். மாஸ்டர் இசைந்துள்ளார். திங்கள், புதன், வெள்ளி விடியற்காலை ஐந்து மணி. துண்டும் தண்ணீரும் கொண்டு வருக. வெறும் வயிற்றோடு வரவேண்டா, ஒரு வாழைப்பழமேனும் உண்டு வருக. கால்நகங்களை முதல்நாள் இரவே வெட்டிக்கொள்வது எமக்கு அடுத்து நிற்கும் பையனுக்கு உதவியாக இருக்கும்.